ஆபத்துக்கு 112: அலுவலக போனில் கிடைக்குமா?

அலுவலக மேஜையில் டெலிபோன் இருக்கிறது. ஆபத்துக்கு 112 என்று அரசு ஓர் எண் கொடுத்திருக்கிறது. அந்த போனிலிருந்து இந்த எண் கிடைக்குமா?

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் இதைச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கோட்டைப் பகுதியில் கணக்கு எழுதுகிறவர், அந்தேரியில் டைப் அடிக்கிறவர், பாண்டுப் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவர், நவிமும்பைக் கிடங்கில் இரவுக் காவல் இருக்கிறவர் என எல்லோர் பக்கத்திலும் ஒரு போன் உண்டு. "அவசரம் என்றால் எடுத்துப் பேசினால் போயிற்று" என்ற நம்பிக்கையும் உண்டு.

பல இடங்களில் அந்த நம்பிக்கை பலிக்காது. 112 என்று அழுத்தினால் "ங்ங்" என்ற சத்தம் மட்டும் கேட்கும். அல்லது பூட்டிக் கிடக்கும் யாரோ ஒருவருடைய அறையில் மணி அடிக்கும். அல்லது ஒன்றுமே நடக்காது. காரணம், அந்த போன் நேரடியாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுடன் சேர்ந்தது அல்ல. இடையில் ஓர் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் நிற்கும் இயந்திரம்

அந்த இயந்திரத்தின் பெயர் இபிஏபிஎக்ஸ். "இன்டர்காம் போர்டு" என்று பியூன்கள் சொல்வார்கள். வெளியிலிருந்து நான்கைந்து லைன்கள் வந்து அதில் சேரும். அதிலிருந்து ஐம்பது, நூறு எக்ஸ்டென்ஷன்கள் அலுவலகம் முழுவதும் பிரிந்து போகும். உள்ளே ஒருவருக்கொருவர் பேச மூன்று எண் போதும். வெளியே பேச வேண்டுமானால் முதலில் ஒரு "கதவைத் திறக்க" வேண்டும். பல அலுவலகங்களில் அந்தக் கதவு 0. சில இடங்களில் அது 9.

முன்பெல்லாம் இந்த வேலையை ஓர் ஆபரேட்டர் அம்மாள் செய்துவந்தார். பலகையில் கயிறுகளைச் செருகி, "யாருக்கு வேண்டும்?" என்று கேட்டு இணைப்புக் கொடுப்பார். அவரிடம் "தீ! தீ!" என்று கத்தினால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் 128 இணைப்புகள் கொண்ட சிறிய மின்னணு எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. அதே வடிவம் கிராமத்துக்கும் உதவியது, அலுவலகத்துக்கும் உதவியது. நாளடைவில் மின்னணு போர்டுகள் பரவின. ஆபரேட்டர் நாற்காலிகள் காலியாயின.

ஆபரேட்டர் அம்மாளுக்குக் காது இருந்தது. இயந்திரத்துக்கு எண் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே அதற்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதன் பார்வையில் 112-ம் ஒன்றுதான், தவறாக அழுத்திய எண்ணும் ஒன்றுதான்.

டெக்சாஸில் நடந்த கொடுமை

இது வீண் பயம் அல்ல. அமெரிக்காவில் ஓர் உயிர் போன பிறகு இதற்கென்று சட்டமே வந்திருக்கிறது.

2013 டிசம்பர் 1. டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் என்ற ஊர். அங்கே ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண்ணை, அவரைப் பிரிந்திருந்த கணவர் கத்தியால் குத்திக் கொன்றார். குழந்தைகள் உடன் இருந்தனர். ஒன்பது வயதான மூத்த பெண் அறையிலிருந்த போனை எடுத்து 911-ஐ அழைத்தாள். அமெரிக்காவில் அதுதான் ஆபத்து எண். பள்ளியிலும் வீட்டிலும் சொல்லிக் கொடுத்த எண். ஒரு முறை அல்ல, நான்கு முறை அழுத்தினாள். இணைப்புக் கிடைக்கவில்லை.

காரணம் மிகச் சிறியது. அந்த விடுதியில் வெளி லைனுக்கு முதலில் 9-ஐ அழுத்த வேண்டும். அதாவது 9-911. இது அந்தச் சிறுமிக்குத் தெரியாது. அவள் செய்தது சரி, இயந்திரத்துக்குத்தான் சொல்லிவைத்திருக்கவில்லை.

இறந்த பெண்ணின் தந்தை ஓயவில்லை. எந்த போனிலும் 911 என்று மட்டும் அழுத்தினால் போதும் என்ற நிலை வர வேண்டுமென்று நாடு முழுவதும் குரல் கொடுத்தார். 2018 பிப்ரவரி 16-ல் "கேரி சட்டம்" கையெழுத்தானது. முதல் 911 அழைப்பு அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் ஊரில் 1968 பிப்ரவரி 16-ல் பேசப்பட்டது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து இந்தச் சட்டம்!

2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே விற்கப்படும், நிறுவப்படும் அலுவலக, விடுதி போன் இயந்திரங்களில் முன்னெண் இல்லாமலே 911 கிடைக்க வேண்டும். அழைப்பு போகும்போதே வரவேற்பு மேஜைக்கோ காவலருக்கோ அறிவிப்பும் போக வேண்டும். இந்த இரண்டும்தான் அந்தச் சட்டத்தின் சாரம். மும்பை அலுவலகங்களுக்கும் இந்த இரண்டு யோசனைகளும் அப்படியே பொருந்தும்.

999 பிறந்த கதை

ஆபத்துக்கு ஒரு சின்ன எண் என்ற யோசனையும் ஒரு சாவில்தான் பிறந்தது. 1935 நவம்பர் 10-ம் தேதி லண்டனில் விம்போல் தெருவிலுள்ள ஒரு டாக்டர் வீட்டில் தீப்பிடித்தது. எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்குச் சொல்ல எக்ஸ்சேஞ்சை அழைத்தார். அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றம் வரை விஷயம் போனது. 1937 ஜூன் 30-ல் லண்டனில் 999 எண் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணைச் சுழற்றினால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், ஊதல் ஒலிக்கும். மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு அதை முதலில் எடுப்பார்கள்.

இந்தியாவில் நெடுங்காலமாகப் போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 102 என்று தனித்தனி எண்கள். பிறகு 108 ஆம்புலன்ஸ் வந்தது. தமிழ்நாட்டில் 2008-லும் மகாராஷ்டிரத்தில் 2014-லும் அது தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக 112 இருக்கட்டும் என்று 2015-ல் டிராய் பரிந்துரைத்தது. 2018 நவம்பர் 28-ல் முதன்முதலாக இமாசலப் பிரதேசத்தில் 112 சேவை தொடங்கியது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் படிப்படியாகப் பரவியது. மகாராஷ்டிரத்திலும் 112 இயங்குகிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இந்த ஓர் எண் போதும்.

மேலாளர் அறையில் மணி!

இனி அலுவலக போர்டுக்கு வருவோம். முதல் சிக்கல், எக்ஸ்டென்ஷன் எண்களை வைத்திருக்கும் முறை.

இந்தியாவில் ஆபத்து எண்களும் சேவை எண்களும் பெரும்பாலும் 1-ல் தொடங்குகின்றன. 100, 101, 102, 108, 112 மட்டுமல்ல. ரயில்வே உதவிக்கு 139, குழந்தைகளுக்கு 1098, பண மோசடிக்கு 1930, மும்பை மாநகராட்சியின் பேரிடர் பிரிவுக்கு 1916. எல்லாமே 1-ல் தொடங்குபவை.

அலுவலகத்தில் போர்டு வைக்கும்போது எக்ஸ்டென்ஷன்களுக்கு 101, 102, 103 என்று வரிசையாக எண் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 101 யாருக்குப் போகும்? வழக்கப்படி பெரியவருக்குத்தான்! இரவு பத்து மணிக்குக் கிடங்கில் புகை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காவலாளி ஓடிப்போய் 101 அழுத்துகிறார். மணி அடிக்கிறது. "தீயணைப்புப் படைக்குப் போகிறது" என்று அவர் காத்திருக்கிறார். மணி அடிப்பதோ பூட்டிய மேலாளர் அறையில். மணி அடிக்கவில்லை என்றாலாவது வேறு வழி தேடியிருப்பார். அடிப்பதால் ஏமாந்து நிற்பார்.

இதற்குத் தீர்வு எளிது. 1-ல் தொடங்கும் எண் எதையும் எக்ஸ்டென்ஷனாகக் கொடுக்கக் கூடாது. 2-லிருந்து தொடங்கட்டும். 201, 202, 301, 302 என்று மாடிவாரியாகக் கொடுத்தால் நினைவில் வைக்கவும் வசதி. ஏற்கெனவே 1-ல் தொடங்கும் எண்கள் இருந்தால், முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முடியாவிட்டாலும், 100, 101, 102, 108, 112 ஆகிய ஐந்தையாவது உடனே காலி செய்ய வேண்டும்.

நான்கு இலக்க எக்ஸ்டென்ஷன்கள் 1-ல் தொடங்கினால் இன்னொரு தொல்லை. 112 என்று அழுத்தியதும் இயந்திரம் "நான்காவது எண் வருமோ?" என்று சில விநாடி காத்திருக்கும். போன் செத்துவிட்டது என்று எண்ணி அழைத்தவர் வைத்துவிடுவார். ஆபத்து எண்ணுக்குக் காத்திருப்பு வேண்டாம், உடனே அனுப்பு என்று இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கலாம்.

பூட்டிய போன்

இரண்டாவது சிக்கல், பூட்டு.

போன் பில்லுக்குப் பயந்து நிர்வாகம் எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் வெளி இணைப்புக் கொடுப்பதில்லை. அதிகாரிக்கு எஸ்.டி.டி. உண்டு. குமாஸ்தாவுக்கு உள்ளூர் மட்டும். கேன்டீன், வாசல், லிப்ட், ஸ்டோர், கிடங்கு ஆகிய இடங்களில் உள்ள போன்களுக்கு உள்ளே பேச மட்டுமே அனுமதி. மாலையில் அலுவலகம் மூடும்போது எல்லா போன்களையும் ரகசிய எண் போட்டுப் பூட்டும் வழக்கமும் சில இடங்களில் உண்டு.

இரவில் கட்டடத்தில் இருப்பவர் யார்? அதிகாரி இல்லை. காவலாளி, கூட்டிப் பெருக்கும் பெண்கள், கேன்டீன் பையன், லோடு இறக்குகிறவர், இரவு ஷிப்ட் தொழிலாளி. வெளி இணைப்பு இல்லாத போன்தான் அவர்கள் கைக்கு எட்டுவது. யாருக்கு முதலில் தேவைப்படுமோ அவருக்குத்தான் கதவு மூடியிருக்கிறது! ஊரை விட்டு வந்து இந்த வேலைகளில் இருப்பவர்களில் தமிழர்களும் ஏராளம் என்பதை மறக்கக் கூடாது.

இதைச் சரிசெய்ய நிர்வாகத்துக்கு ஒரு காசும் செலவில்லை. வெளி இணைப்பைத் திறந்துவிட வேண்டியதும் இல்லை. பல இபிஏபிஎக்ஸ் இயந்திரங்களில் "எமர்ஜென்சி நம்பர்" என்று தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் எழுதிய எண்களுக்கு எந்தப் பூட்டும் பொருந்தாது. 112, 100, 101, 102, 108 ஆகியவற்றை அதில் சேர்த்தால் போதும். கேன்டீன் போனிலிருந்து ஊருக்கு எஸ்.டி.டி. பேச முடியாது, ஆனால் தீப்பிடித்தால் 112 கிடைக்கும்.

சேர்க்கும்போது இரண்டு விதமாகவும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். புதிதாக வந்தவர் 112 என்று மட்டும் அழுத்துவார். பழகியவர் பழக்கதோஷத்தில் 0 அழுத்திவிட்டு 112 அழுத்துவார். இருவருக்கும் இணைப்புக் கிடைக்க வேண்டும்.

எல்லா லைனும் பிஸியாக இருந்தால்? பகல் பதினொரு மணிக்கு நான்கு லைன்களிலும் யாராவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆபத்து அழைப்புக்காக ஒரு லைனை விட்டுவைக்கலாம். அல்லது ஆபத்து அழைப்பு வந்தால் சாதாரணப் பேச்சைத் துண்டித்து வழிவிடும் வசதி இயந்திரத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

டில்லிக்குப் பேசப் போய்...

இதில் வேடிக்கையான ஓர் ஆபத்தும் இருக்கிறது. டில்லியின் எஸ்.டி.டி. எண் 011. அங்கே பல டெலிபோன் எண்கள் 2-ல் தொடங்குகின்றன. 0 கதவாக உள்ள அலுவலகத்திலிருந்து டில்லி கிளைக்குப் பேச வேண்டுமானால் 0-011-2... என்று அழுத்த வேண்டும். அதாவது தொடக்கத்தில் இரண்டு 0.

அவசரத்தில் ஒரு 0-ஐ விட்டுவிட்டால்? முதல் 0-ஐ இயந்திரம் கதவு என்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது 112! டில்லி கிளையின் கேஷியரைத் தேடியவருக்குப் போலீஸ் கட்டுப்பாட்டு அறை கிடைக்கும்.

அப்படிக் கிடைத்தால் பயந்துகொண்டு போனை வைத்துவிடக் கூடாது. பேசாமல் வைத்தால், யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணி அவர்கள் திரும்ப அழைக்கக்கூடும், ஆளையும் அனுப்பக்கூடும். "தவறாக அழைத்துவிட்டேன், இங்கே ஆபத்து எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு வைப்பதே முறை. டில்லிக்கு அடிக்கடி பேசும் அலுவலகம் அந்த எண்களைச் சுருக்க டயலில் சரியாகப் பதிந்துவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எந்த ஊர் போலீஸ்? எந்த மாடி?

பெரிய நிறுவனங்களில் பல ஊர்க் கிளைகளின் போன்களையும் இணையவழியில் ஒரே இயந்திரத்தில் கோத்துவிடுகிறார்கள். இயந்திரம் பெங்களூரில் இருக்கும்; போன் தாணேயில் இருக்கும். தாணேயில் அழுத்திய 112 பெங்களூர் லைன் வழியாக வெளியேறினால் கர்நாடகக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். கன்னடத்தில் கேள்வி வரும். அவர்கள் மகாராஷ்டிரத்துக்குத் தகவல் சொல்வதற்குள் தீ அடுத்த மாடிக்கு ஏறிவிடும். எந்தக் கிளையில் அழுத்தினாலும் ஆபத்து அழைப்பு அந்தக் கிளையின் உள்ளூர் லைனில்தான் போக வேண்டும் என்று வழி வகுத்துவைக்க வேண்டும்.

ஒரே கட்டடம் என்றாலும் ஒரு பிரச்சினை உண்டு. அழைப்பு போகும்போது எதிர்முனையில் தெரிவது அலுவலகத்தின் பொது எண். அழைத்தவர் மூன்றாம் மாடியா, பின்பக்கக் கிடங்கா என்று அதில் தெரியாது. பொது எண் கம்பெனியின் பழைய முகவரியில் பதிவாகியிருந்தால் இன்னும் மோசம். அலுவலகம் இடம் மாறியபோது டெலிபோன் கம்பெனியிடம் முகவரியை மாற்றிக்கொடுத்தார்களா என்று பார்ப்பது முக்கியம்.

அதனால்தான் வாசல் காவலருக்கும் அறிவிப்புப் போக வேண்டும் என்பது. யாராவது 112 அழுத்தினால் உடனே காவலர் மேஜை போனிலும் மணி அடித்து, எந்த எக்ஸ்டென்ஷன் என்று காட்டும்படி சில இயந்திரங்களில் அமைக்கலாம். போலீசோ தீயணைப்பு வண்டியோ வந்ததும் காவலர் கேட்டைத் திறந்து "மூன்றாம் மாடி, இடது பக்கம்" என்று கை காட்டுவார். அவருக்கே தெரியாவிட்டால் வண்டி வாசலில் நிற்கும்.

கரண்ட் போனால்?

தீ விபத்தில் முதலில் போவது மின்சாரம். மின்சாரம் போனால் போர்டும் செத்துவிடும். பேட்டரி இருந்தால் சிறிது நேரம் ஓடும். அந்தப் பேட்டரியை யார், எப்போது கடைசியாகப் பார்த்தார்கள்?

பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும். கண்ணாடி இழை லைனுக்கு அந்த வசதி இல்லை. அலுவலகத்தில் உள்ள பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே அந்தப் பெட்டிக்கும் பேட்டரி அவசியம்.

பல இபிஏபிஎக்ஸ் இயந்திரங்களில் இன்னொரு வசதி உண்டு. மின்சாரம் நின்றுவிட்டால் ஒரு வெளி லைனைத் தானாகவே ஒரு குறிப்பிட்ட போனுடன் நேராகச் சேர்த்துவிடும். அந்த போன் எது? பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அது அதிகாரி அறையில் பூட்டிக் கிடப்பதை விட வாசல் காவலர் மேஜையில் இருப்பது நல்லது.

"கைபேசி இருக்கிறதே!"

ஆளுக்கொரு கைபேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலைகள் உண்டு. பேஸ்மென்டிலும் குளிர்பதனக் கிடங்கிலும் சிக்னல் வராத இடங்கள் உண்டு. சார்ஜ் தீர்ந்துபோகும். மயங்கி விழுந்தவரின் கைபேசி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். சுவரில் மாட்டிய போன் எங்கும் ஓடாது.

ஆனாலும் கைபேசியின் உபயோகத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் ஆபத்துப் பொத்தான் வசதி கட்டாயம். ஸ்மார்ட்போனில் ஆன்-ஆப் பொத்தானை விரைவாக மூன்று முறை அழுத்த வேண்டும். சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கிழக்கா, மேற்கா?

இணைப்புக் கிடைத்துவிட்டது. என்ன சொல்வது? முதலில் இடம், பிறகு என்ன ஆபத்து, பிறகு எத்தனை பேர். பெயரும் விவரமும் கடைசியில். லைன் பாதியில் அறுந்தாலும் இடம் தெரிந்துவிட்டால் ஆள் வந்துவிடும்.

மும்பையில் முகவரி சொல்லும்போது கிழக்கா மேற்கா என்பதை விடவே கூடாது. அந்தேரி என்றால் போதாது. ரயில் பாதைக்கு எந்தப் பக்கம்? தவறான பக்கம் போன வண்டி மேம்பாலம் ஏறித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியில் "பூர்வ்" என்றால் கிழக்கு, "பஸ்சிம்" என்றால் மேற்கு. ஸ்டேஷன் பெயர், ரோடு பெயர், கட்டடப் பெயர், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் என்ற நான்கும் நாக்கில் இருக்க வேண்டும்.

பதற்றத்தில் பேச்சு வராது. அதிலும் வேற்று மொழியில் வரவே வராது. ஆகவே சில வாக்கியங்களை முன்பே மனப்பாடம் செய்துகொள்ளலாம். தீ என்றால் இந்தியில் "ஆக் லகீ ஹை", மராத்தியில் "ஆக் லாக்லீ ஆஹே". ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் "ஆம்புலன்ஸ் பேஜியே". முகவரி எழுதிக்கொள்ளுங்கள் என்பதற்கு "பதா லிக் லீஜியே". இந்த மூன்றும் முகவரியும் தெரிந்தால், இந்தி தெரியாத புது ஆளும் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

முகவரியையும் மாடி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொரு போனிலும் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. தமிழ் ஆட்கள் அதிகம் உள்ள இடத்தில், இந்தி உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினால் என்ன தவறு?

சோதிப்பது எப்படி?

விளையாட்டாக 112-ஐ அழுத்திப் பார்க்கக் கூடாது. உண்மையான ஆபத்தில் இருப்பவருடைய நேரத்தை அது திருடும். போர்டைப் பராமரிக்கும் டெக்னீஷியன் மூலம் சோதிப்பதே சரி.

அவர் முதலில் 112-க்கான வழியைத் தற்காலிகமாக வரவேற்பு மேஜைக்கோ தம் கைபேசிக்கோ திருப்பிவைப்பார். பிறகு ஒவ்வொரு போனாகப் போய் 112, 0-112 இரண்டையும் அழுத்திப் பார்க்கலாம். எல்லா போன்களிலிருந்தும் மணி அடித்தால், வழியைத் திரும்பவும் வெளி லைனுக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் குடி கெட்டது! அதன் பிறகு, பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்து, நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு உண்மையான அழைப்பு. எடுத்தவுடன் "இது சோதனை, ஆபத்து இல்லை" என்று சொல்ல வேண்டும். எந்த முகவரி அவர்களுக்குத் தெரிகிறது என்றும் பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு தடவை சரியாக இருந்தால் எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இடி மின்னலில் கார்டு எரிந்து புதிது போட்டால் பழைய அமைப்பு அழிந்துபோகலாம். புது எக்ஸ்டென்ஷன் கொடுக்கும்போது யாராவது 108-ஐ எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆகவே போர்டில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் சோதனை தேவை.

யாரிடம் கேட்பது?

குமாஸ்தாவோ தொழிலாளியோ போர்டைத் திறந்து எதையும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. கேட்க முடியும். நிர்வாக அதிகாரிக்கோ பாதுகாப்புக் கமிட்டிக்கோ ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் கேட்க வேண்டியவை:

1. எல்லா போன்களிலும், பூட்டிய போன்களிலும், 112 நேராகக் கிடைக்கிறதா? 0 சேர்த்தாலும் கிடைக்கிறதா?

2. 100, 101, 102, 108, 112 ஆகிய எண்களில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இருக்கிறதா?

3. ஆபத்து அழைப்பு உள்ளூர் லைனில் போகிறதா? எல்லா லைனும் பிஸியானால் என்ன வழி?

4. அழைப்பு போனது வாசல் காவலருக்குத் தெரியுமா?

5. கரண்ட் போனால் எந்த போன் பேசும்? பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்?

6. பொது எண்ணின் பதிவு முகவரி சரியா?

7. கடைசியாகச் சோதித்த தேதி என்ன?

பெரும்பாலான இடங்களில் இதற்குப் புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வருடாந்தரப் பராமரிப்புக்கு வரும் டெக்னீஷியன் அரை நாளில் முடிக்கிற வேலை. பில் ஏறும் என்ற பயமும் வேண்டாம். 112 அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

கடிதத்தைத் தனியாளாகக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் யூனியன் மூலமாகக் கொடுக்கலாம். "காவலாளிக்கு எதற்கு வெளி லைன்?" என்று யாராவது கேட்டால், இரவு பத்து மணிக்குக் கட்டடத்தில் யார் இருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டால் போதும்.

இன்று வேலைக்குப் போகும் வாசகர்கள் மேஜை போனை ஒரு முறை பார்க்கட்டும். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் 101 யாருடையது என்று தேடட்டும். வாசல் காவலரிடம், "அண்ணே, ராத்திரி ஏதாவது ஆனால் இந்த போனில் என்ன அழுத்துவீர்கள்?" என்று கேட்கட்டும். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் கடிதத்தை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.